லாம்

மேலப்பாளையத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
கல்யாண மண்டபத்தின் ஆறு விசிறிகளில் இரண்டு சுற்றின.
நான் தட்டச்சுக்காரன். பேச உரிமையில்லை.

"வார்டு எல்லை வகுக்குமுன் ஆணையம்
மக்களிடம் கருத்துக் கேட்கலாம்"
என்றது வரைவு.

சம்சு பீவி எழுந்தார்.
விரல் நுனியில் பீடித்தூள் நிறம்.
"எங்க அடுப்படி முப்பதாம் வார்டு,
வாசப்படி முப்பத்தொண்ணு.
கோடு போட்டவுக ஒருத்தரும்
எங்கிட்ட கேக்கல.
அந்த 'லாம்' இருக்குல்லா, அத எடுங்க.
'வேணும்'னு போடுங்க."

மூன்று முறை கவுன்சிலர் கொம்பையா
அதெல்லாம் வேண்டாம் என்றார்.
சுழற்சி ஒதுக்கீடு வேண்டாம்,
மேயருக்கு நேரடித் தேர்தல் வேண்டாம்.
டீக்கு மட்டும் சரி என்றார்.

மானூரில் ஒரு கல் இருக்கிறது.
ஆயிரத்து இருநூறு வருஷம் முந்தைய சபை
எதற்கெடுத்தாலும் அன்று என்பவனுக்கு
ஐந்து காசு தண்டம் வெட்டிவைத்தது.
நிலமுள்ளவனுக்கே இருக்கை என்பதும்
அதே கல்லில்தான்.
அதனால் நான் அதை எவரிடமும் சொல்லவில்லை.

ஆணையத்து அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார்.
"பரிசீலிக்கலாம்."
மண்டபமே சிரித்தது.
ஏனென்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இரவு, கொக்கிரகுளம் அலுவலகம்.
ஆற்றுப் பக்கமிருந்து கொசு.
இறுதிப் பிரதியில்
'கேட்க' வரை அடித்துவிட்டு
விரல் நிற்கிறது.

பிழை திருத்தத் தட்டச்சுக்காரனுக்கு அனுமதி உண்டு.
எது பிழை என்று
விதியில் இல்லை.