வேங்கை ஏறுதல்

அப்பர் தாம்சன் சாலையின் இடது தடத்தை
ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து மூடியாயிற்று.
இன்னும் இருட்டு.
தகட்டில் அங்சானா என்று எழுதியிருக்கிறது, எண் இருக்கிறது,
அதன் கீழே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.
எனக்கு இது வேங்கை.
சரியாகச் சொன்னால் வேங்கையின் ஒன்றுவிட்ட தங்கை.
ஆனாலும் அதே மஞ்சள். வெட்டினால் அதே சிவப்பு.

பூட்ஸில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொள்கிறேன்.
பிழைக்கப்போகும் மரத்தில் இதோடு ஏறக் கூடாது,
கயிறு மட்டும்தான்.
முள் கட்டினால்
இன்று மாலை இங்கே வெயில் விழும் என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட கால்களை ஒருவர் கேட்டு வாங்கினாராம்
தில்லைவனத்தில்.
வண்டு வாய் வைக்காத பூதான் சாமிக்கு வேண்டும்,
விடிந்தால் வண்டு முந்திக்கொள்ளும்,
விடியுமுன் பனி வழுக்கும்.
அதனால் புலியின் கால், புலியின் கை,
நகத்துக்கு நகம் ஒரு கண்.
கேட்டதும் கிடைத்தது.
(எங்கள் கிடங்கில் ஒரு தலைவிளக்குக்கு
மூன்று படிவம்.)

புலிக்கால் முனிவர் என்று கும்பிடுகிறார்கள்.
அவர் ஏறிய மரங்களை யாரும் விசாரிக்கவில்லை.
தினம் ஒரு விடியல், பட்டையில் இருபது நகம்.

தில்லை இங்கேயும் உண்டு, சுங்கை பூலோ சேற்றில்.
ஒடித்தால் பால்.
கண்ணில் தெறித்து இரண்டு நாள் கிடந்திருக்கிறேன்.
தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஹம்டான் சொன்னான்:
"நாங்கள் இதை பூத்தா-பூத்தா என்போம்.
பூத்தா என்றால் குருடு."
எங்களுக்குப் பூத்தா என்றால் பூத்தால், என்றேன்.
பூத்தால் என்ன ஆகும் என்று கேட்டான்.
எரிச்சலில் பதில் வரவில்லை.
ஆனால் அன்றைக்குத் தெரிந்தது
அவர் ஏன் நகத்தில் கண் கேட்டார் என்று.
முகத்துக் கண்ணை அந்தக் காடு
முன்னமே எடுத்துக்கொண்டிருக்கும்.
புராணத்தில் இல்லை இது.
மரம் ஏறுகிறவளின் ஊகம்.

ஏறுகிறேன். குத்து, இழு, குத்து.
நாலு மீட்டரில் ஓர் இரண்டடுக்குப் பேருந்து
விளக்கெரிய என் பக்கத்தில் நிற்கிறது.
மேல்தட்டில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
என் முள்ளைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்,
பத்து விரலையும் மடக்கிக் கண்ணாடியில் பிறாண்டுகிறான்.
சிக்னல் பச்சை.
இதே வழியில், மிளகும் காம்பியரும் விளைந்த காலத்தில்,
தோட்டக் கூலிகளைப் புலி இழுத்துப்போனதுண்டு.
அவன் அதைப் படித்திருக்க மாட்டான்.

பன்னிரண்டு மீட்டர்.
மரத்தில் பாதி நோயில் மொட்டை.
மறுபாதி
முந்தாநாள் மழையை நம்பி
முழுக்கப் பூத்திருக்கிறது.
ஒரே ஒரு நாள் பூ. மதியத்தில் உதிரும்.
சாகப்போவது அதற்குத் தெரியுமா என்றெல்லாம்
நான் கேட்கப்போவதில்லை.
ரம்பத்தின் கயிற்றைப் பிடித்தேன்.
அப்போது அவை வந்தன,
ஏழு மணி வெளிச்சத்தோடு,
காது நிறைய.

முனிவருக்கு முந்த வேண்டியிருந்தது.
எனக்கு எந்தப் பூசையும் இல்லை.
வாக்கிடாக்கியில் ஓங்: "தமா, என்னாச்சு லா?"
சங்கிலி சிக்கிவிட்டது என்று பொய் சொன்னேன்.
"எவ்வளவு நேரம்?"
நாற்பது நிமிடம்.
கிளையோடு கிளையாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.
கையுறையில் ஒன்று நடந்தது,
பின்னங்காலில் மஞ்சள் மூட்டையோடு,
சம்பளம் வாங்கிய ஆள்போல.

பிறகு வெட்டினேன்.
முள் குத்திய துளைகளிலிருந்து
சிவப்பு, நிதானமாக, நான் ஏறிய வழியே இறங்கிற்று.
கீழே ஹம்டான் அதைத் தொட்டு முகர்ந்தான்.
"ஹாரிமாவ்," என்றான் என்னைப் பார்த்து. புலி.
மறுத்துப் பேசவில்லை.

தலைக்கவசத்தைக் கவிழ்த்தால் ஒரு கைப்பிடிப் பூ,
எல்லாம் எச்சில்.
பாதையோரம் உதறினேன்.

எதிர்ச்சாரியில் இன்னோர் அங்சானா.
எண் உண்டு. பெருக்கல் குறி இல்லை.
அவை அந்தப் பக்கம்தான் போயின.
முள்ளைக் கழற்றித் துடைத்துப்
பெட்டியில் போட்டேன்.