தொண்ணூற்று நாலே கால்

பாடாங் செராய், தாமான் கெனாரி,
கடைசி வரிசையில் ஓர வீடு.
இடுப்பு வரை கல், அதற்கு மேல் பலகை.
வாங்கும்போதே நாற்பது வயசு அதற்கு,
எங்களைவிட எட்டு கூட.

கரையான் மேற்குப் பக்கத்தைத் தின்று முடித்துத்
தெற்கே திரும்பியபோது
மூணு மாச ஓ.டி. பணத்தை
லியோங்கிடம் கொடுத்தேன்.
"சிமெண்டுப் பலகை போடு. கரையானுக்குப் பல் உடையணும்."
முன்பணத்தை எண்ணிவிட்டுத்தான் சிரித்தான்.

முதல் பலகையை ஷோஹாக் நெம்பினான்.
ஆணி கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை
வேலியை விட்டு இறங்கிப் போனது.
மேலே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே ஏதோ ஒரு தேர்தலின் பசை.
பின்பக்கம் மட்டும் எவரும் பூசாத மர நிறம்.
அதில் பென்சிலால்
94¼.

அடுத்ததில் 94. அதற்கடுத்ததிலும் 94.
பிறகு 93¾.
குணாளன் கைப்பேசியோடு ஓடி வந்தார்.
"வீடே நம்பர் குடுக்குது, பாத்தியா!"
9493, பெரிசிலும் சின்னதிலும் பத்துப் பத்து வெள்ளி.
லியோங் அரை வெட்கத்தோடு எழுதிக்கொண்டான்.
ஷோஹாக் எழுதவில்லை.
அளவு நாடாவைச் சுவரின் இந்த முனையில் பிடித்தான்,
பிறகு அந்த முனையில்.
மறுபடி இந்த முனையில்.

ராத்திரி சுவர் இல்லை. நீலத் தார்ப்பாய்.
காற்று வரும்போதெல்லாம் அது உப்பி, உள்ளே ஒட்டி,
வீடு மூச்சு வாங்கியது.
செம்பனை ஆலையின் புளிச்ச வாசம்
கட்டிலில் வந்து உட்கார்ந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
மாக்சிக் ரொக்கியா மாத்திரை உடைக்கிற சத்தம்
என் தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது.

பலகை இருந்தபோதும் ஒரு அங்குலம்தானே.
அந்த ஒரு அங்குலத்தை நம்பி
பன்னிரண்டு வருஷம் நாங்கள் போட்ட கூச்சல்!
போன ரம்ஜானுக்கு அவள் கேக் கொடுத்தனுப்பியபோது
தட்டை ஏன் என் கையில் மட்டும் கொடுக்கச் சொன்னாள்
என்பது அப்போதுதான் புரிந்தது.

தார்ப்பாய்க்குக் கேட்காத குரலில் சொன்னேன்,
"கார் கடன் ரெண்டு மாசமா கட்டல."
"தெரியும்" என்றார், அதைவிட மெல்ல.
கத்தாமல் சொன்னதால்
அது வெறும் கணக்காக இருந்தது.

காலையில் சிமெண்டுப் பலகைகள் வந்தன.
லியோங் எல்லாவற்றையும்
முதல் பலகையின் அளவுக்கே வெட்டி வந்திருந்தான்.
முதலாவது நின்றது.
மூணாவது நெருக்கிக்கொண்டு நின்றது.
எட்டாவது, உள்ளே வரவே மாட்டேன் என்றது.
"ரூமா செங்கெட், காக்" என்றான் ஷோஹாக்.
சாய்ந்த வீடாம்.
கட்டியபோதே.

யாரோ ஒரு தச்சன்
ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக அளந்து
தனித்தனியாக வெட்டி
தெருவில் போகிறவருக்கு நேர் வீடு என்று
ஐம்பத்திரண்டு வருஷம் பொய் சொல்லியிருக்கிறான்.

"ஜாக்கி வைத்துத் தூக்கலாம், இன்னும் எட்டாயிரம்."
லியோங்குக்குப் பதில் சொல்லாமல்
குப்பையில் கிடந்த பலகைகளை இழுத்தேன்.
கரையான் மண்ணைத் தட்டி
நம்பர் வாரியாகப் புல்லில் அடுக்கினேன்.
இரண்டைக் காணோம். அடுப்புக்கு யாரோ எடுத்துப் போயிருப்பார்கள்.
"இந்தக் கணக்குக்கு வெட்டு" என்றேன்.
சில இடத்தில் ஷோஹாக் கால் அங்குலம் குறைத்தான்.
தச்சன் போனபிறகும்
வீடு சும்மா இருக்கவில்லை.

9493 விழவில்லை. ஆறுதல் பரிசில்கூட இல்லை.

கடைசிப் பலகையை ஏற்றுமுன்
அதன் முதுகில் ஷோஹாக் அளவு எழுதினான்,
தன் ஊர் எண்களில்.
குணாளன் கழுத்தை நீட்டிப் பார்த்து
"ரெண்டாவது எட்டா?" என்றார்.
"நாலு" என்றான் ஷோஹாக்.
"எங்க ஊர்ல நாலு இப்படித்தான் இருக்கும்."

சாயங்காலம் அவர்
இரண்டுக்கும் ஒவ்வொரு வெள்ளி வைத்தார்.