தாள் எண் 2316

முத்தூருக்குத் தெற்கே ஒரு கொறங்காடு.
கிளுவை வேலியோரம், சுக்கான் மண், ஐப்பசி.
முழங்கால் உயரம். தண்டில் வரிவரியாய்ப் பள்ளம்,
சாம்பல் பூசிய மயிர்.
இலை மாற்றடுக்கு; அடியில் காம்புண்டு,
மேலே போகப் போகக் காம்பை மறந்துவிடுகிறது.

இதழ்களை எண்ணு என்றது படிவம்.
லென்ஸை வைத்தேன்.
இதழே இல்லை.
கத்தரிப்பூ நிறத்தில் இருபது பூக்கள்
ஒரு பச்சைக் கிண்ணத்துக்குள் நெருக்கியடித்து
ஒற்றைப் பூவாய் நடிக்கின்றன,
மில்லுக்குப் போகும் டவுன் பஸ்ஸில்
முதல் ஷிப்டைப் போல.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து பல், தனிச் சூலகம்,
பறந்துபோக வெள்ளை மயிர்க்கொத்து.

பாவாத்தாளிடம் பெயர் கேட்டேன்.
"வெள்ளாடு கடிக்குமுங்.
செம்மறி மோந்து பாத்துட்டுப் போயிருமுங்."
அவள் வகைப்பாட்டில் அதற்குமேல் இல்லை.

நூல் விலை ஏறிய செய்தித்தாளுக்குள்
மடித்து வைத்து இறுக்கினேன்.

கோவையில், நாப்தலீன் நெடியடிக்கும் இரும்பு அலமாரியில்
என் கையெழுத்தில் வெர்னோனியா.
பதினோரு வருஷம் கழித்து யாரோ
சயாந்திலியம் என்று துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
பழையதை அடிப்பதில்லை இங்கே,
பக்கத்தில் ஒட்டுவதோடு சரி.
சூரியகாந்திக்குப் பங்காளி என்பது மட்டும்
அப்படியே இருக்கிறது.

உறையைப் பிரித்தேன்.
பிஞ்சாகத்தான் அழுத்தினேன், நன்றாக நினைவிருக்கிறது.
இரண்டு காகிதத்துக்கு நடுவே
யாரையும் கேளாமல் முற்றியிருக்கிறது.
மின்விசிறிக் காற்றில் ஒரு மயிர்க்கொத்து எழும்பி
சன்னல் பக்கம் போய்
கொசுவலையில் ஒட்டிக்கொண்டது.

இடுக்கியோடு எழுந்தேன்.