ஏழாவது செல்

லிந்தாலுக்கு மேலே, நாலு மணி நேர ஏற்றத்தில்,
மலைவிடுதியை மூடுகிறோம்.
குழாய்களில் தண்ணீர் வடித்தாயிற்று.
போர்வைகளை எண்ணி
எலிக்கு எட்டாத கம்பியில் தொங்கவிட்டாயிற்று.
மிச்சம் நிலவறையும்
அதில் பன்னிரண்டு ஈய செல்களும்
நானும்.

ரெகுலா சொல்கிறாள்:
புதியது வரும், ஆனால் ஜூனில்,
ஹெலிகாப்டருக்குக் காசு சேர்ந்தால்.
அதுவரை இவை சாகக் கூடாது, ரூபி.
கமலரூபன் என்ற என் பெயரில்
அவள் நாக்கு ஏறிய உயரம் அவ்வளவுதான்.

நான் உருளைக்கிழங்கு துருவ வந்தவன்.
ஜூலையில் ஒரு ராத்திரி
கூடத்து விளக்கெல்லாம் மஞ்சளாகி, சிவந்து, அணைய
நாற்பது பேர் முள்கரண்டியோடு இருட்டில் இருந்தார்கள்.
டார்ச்சோடு கீழே இறங்கியவன் நான்.
வேறு தகுதி ஒன்றுமில்லை.

மூடியைத் திருகினால்
தட்டுகளின் மேல் வெள்ளை,
பழைய சீனிப் போத்தலின் அடியைப் போல.
பாதி மின்னோடு வாரக்கணக்கில் கிடந்தால் இப்படித்தான்.
படிந்த உப்பு இளசாயிருக்கையில் கரையும்.
முற்றிவிட்டால்
எவன் சொன்னாலும் கேட்காது.

கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தேன்.
பதினொன்றும் ஆயிரத்து இருநூற்றைம்பதைச் சுற்றி நின்றன.
ஏழாவது, ஆயிரத்து நூற்றிமுப்பது.
மிதவை அடியில் போய்க் குந்திக்கொண்டது,
பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி.

பனியை உருக்கி ஊற்றேன், அதைவிடச் சுத்தமா, என்றாள்.
வெளியே கூட்டிப்போய்க் காட்டினேன்:
பனியின் மேல் செம்மஞ்சள் தூசு,
சஹாராவிலிருந்து வந்தது.
வடித்த தண்ணீர் பத்து லிட்டரை
அடிவாரத்திலிருந்து முதுகில் தூக்கி வந்தேன்.
தோள்பட்டை இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறது.

ஏழை மட்டும் தனியே பிரித்தேன்.
(எண்ணைத்தான் சொல்கிறேன்.
மற்ற அர்த்தமும் பொருந்தட்டும்.)
சின்ன சார்ஜர். நாலு ஆம்பியர். ஒன்பது இரவு.
கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் ஏறாதா?
ஏறாது ரெகுலா. கொதிக்கும். தட்டு வளைந்துவிடும்.
ஜன்னலைத் திறந்து வைத்தேன், அந்தக் குளிரிலும்;
எழும் வாயுவுக்கு ஒரு தீப்பொறி போதும்.
அவள் சிகரெட்டோடு கொட்டகை தாண்டிப் போய் நின்றாள்.

ஐந்தாம் இரவு வரை ஒரு சத்தமும் இல்லை.
ஆறாம் இரவு
தூரத்தில் யாரோ சோறு வடிப்பது போல
மெல்லிய கொப்புளம்.
பக்கச் சுவரில் கை வைத்தேன்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி. இளஞ்சூடு.
சமையலறைச் சோடா மாவில் முனைகளைக் கழுவினேன்,
பச்சைப் பூஞ்சணம் நுரைத்து ஒழுகிற்று.
ஜீன்ஸின் தொடையில் மூன்று ஓட்டை.
துவைத்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாம் காலை: ஆயிரத்து இருநூற்றிப்பத்து.
அதற்கு மேல் ஏறவில்லை.
பத்தாம் இரவுக்கு டீசல் இல்லை.

கையேட்டில் ஒரு அட்டவணை உண்டு.
நிறைந்த அமிலம் ஐம்பது பாகைக் குளிரிலும் உறையாது.
வெறுமையானது கிட்டத்தட்டத் தண்ணீர்;
ஏழு பாகைக் குளிரிலேயே உறைந்து பெட்டியைப் பிளக்கும்.
எங்கள் ஏழாவது முப்பது வரை தாங்கும்.
இன்றைய கணக்குக்கு.
சும்மா இருந்தாலும் மாதாமாதம் கொஞ்சம் இறங்கும்,
சூரியத் தகட்டை டிசம்பரில் பனி மூடிவிடும்.
பதிவேட்டில் எண்ணை எழுதி
பக்கத்தில் ‘போதும்’ என்று தமிழில் போட்டேன்.
ரெகுலா அதைக் கையெழுத்து என்று நினைத்தாள்.

ஜனவரி. சூரிச்,
ஆல்ட்ஸ்டெட்டனில் ஒரு உணவகத்தின் பின்கட்டு.
பாத்திரம் கழுவும் எந்திரத்தின் ஆவி
கண்ணாடியை மூட, துடைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறேன்.
லிந்தாலில் கழித்தல் பதினாறு.
மேலே எவ்வளவு என்று அது சொல்லாது.
ஈரக் கையில் விரல் மடக்கிக் கணக்குப் போடுகிறேன்:
நூறு மீட்டருக்கு அரைப் பாகை வைத்தால்…
யாரோ தட்டு கேட்கிறார்கள்.
மறுபடி முதல் விரலிலிருந்து.