இடது காறை எலும்பு

மைத்தட்டை அட்டை மேல் நேராக அழுத்தக் கூடாது.
முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன்:
மேடு பள்ளம் எல்லாம் ஒரே நீலம்,
நட்சத்திரம் இருந்த இடத்தில்
பேனா கக்கிய சட்டைப் பை.

மேட்டுக்கு மட்டும்தான் மை.
ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று காஸ் துணி.
மையில் ஒரு தட்டு,
பழைய பில் புத்தகத்தில் மூன்று தட்டு.
இனி துணியில் ஒன்றுமில்லை என்று தோன்றும்போதுதான்
அட்டைக்கு வர வேண்டும்,
அதுவும் பக்கவாட்டில்,
கல் காய்ந்துவிட்டதா என்று
தொட்டுப் பார்க்கிற வேகத்தில்.

டிசம்பர் மழை.
சமாதானபுரத்து வாசல்களில் காகித நட்சத்திரங்கள்
பாலிதீன் பை போட்டுக்கொண்டு தொங்குகின்றன.
மை காய மாட்டேன் என்கிறது.
வழவழப்பு அட்டையில் வழுக்கும்,
காலண்டர் அட்டையின் பின்பக்கம் என்றால் குடித்துவிடும்.
குடிப்பதே மேல்.

பகலில் நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
ஆறரைக்கு மேல் ஆள் வராவிட்டால்
விளக்குப் பெட்டி என்னுடையது.

யாரும் வாங்க வராத படங்கள் அலமாரியில் கிடக்கும்.
அச்சு வெட்ட அதைப் போல ஒன்றில்லை,
வளையும், கிழியாது, ஈரத்துக்கு அஞ்சாது.
ஒருவர் விலாவில் மணி.
ஒருவர் முழங்காலில் மெழுகுவர்த்தி.
பெயர் இருக்கிற மூலையை முதலில் நறுக்கிவிடுவேன்,
அது ஒரு மரியாதை.

அச்சின் மேல் அட்டை, முகம் குப்புற.
மை தீர்ந்த பால்பாயிண்ட் முனையால்
ஓரத்தை மட்டும் உரசிக்கொண்டே போக வேண்டும்.
அவசரப்பட்டால் தாள் வெடிக்கும்.
திருப்பினால்
வெள்ளையில் வெள்ளையாய் நட்சத்திரம்,
விரலுக்கு முழுதாக, கண்ணுக்குப் பாதி.
பிறகு வெளிர்நீலம்.
ஒரு ராத்திரி கழித்துக் கருநீலம்,
ஐந்து முனைகளில் மட்டும்.

அறுபது அட்டை வேண்டும்.
நாசரேத்தில் இரண்டு குடும்பம், தோகாவில் ஒன்று,
மற்றதெல்லாம் அண்ணன்மார் வகை.
நாற்பத்தெட்டு முடிந்தபோது
இசக்கிப்பாண்டி வந்து நின்றார்.
மூலைக்கரைப்பட்டிக்காரர். போன மார்கழியில்
எக்செல் வண்டியில் கிடாயோடு விழுந்தவர்.
(கிடாய்க்கு ஒன்றுமில்லை.)
"எக்கா, பழைய படம் இருக்கா?
புதுசோட வச்சுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லுதாவ."

பேரேட்டைப் புரட்டினேன், புரட்டத் தேவையே இல்லாமல்.
இடது காறை எலும்பு, நடுவில் முறிவு.
பெட்டி மேல் கிடந்தது அதுதான்,
முறிவு இருந்த இடத்தில் சரியாக
ஐந்து முனையில் ஓர் ஓட்டை.

மறைக்க வழியில்லை. அந்த ஓட்டை வழியாக
வெளிச்சம் அவர் தாடையில் அடித்துக்கொண்டிருந்தது.
சொன்னேன்.
குனிந்து பார்த்தார்.
"நம்ம தோளா இது?"
சுண்டுவிரலை உள்ளே விட்டார்,
அது மறுபக்கம் வந்தது.
"டாக்டர்ட்ட என்னன்னு சொல்ல?"

புதுப் படத்துக்குக் காசு வாங்கவில்லை.
ஈரம் சொட்டச் சொட்ட மாட்டினேன்.
முறிந்த இடத்தில் எலும்பு
தானாகவே தடித்து முடிச்சிட்டிருந்தது.
"இதுக்குப் படம் வேற எதுக்கு" என்று
சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.
தோலுக்கு மேலேயே மேடு.

புதுப் படத்தையும் ஓட்டைப் படத்தையும்
ஒரே உறையில் போட்டுக் கொடுத்தேன்.
எழுந்தவர் காயாத அட்டை ஒன்றை எடுத்து
கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.
நீலம் விரலோடு வந்தது, ரேகை அட்டையோடு நின்றது.
நல்லதாக ஒன்று தருகிறேன் என்றேன்.
"இது போதும், பிள்ளையளுக்குக் காட்டுதேன்."
மழைக்கு அதைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டார்.

பேரேட்டில் எழுதினேன்: படம் ஒப்படைக்கப்பட்டது.
எந்த நிலையில் என்று எழுதவில்லை.
இன்னும் பதின்மூன்று அட்டை. அச்சு போய்விட்டது.
தோகாக்காரர்களுக்கு இந்த வருஷம்
முழங்கால் மெழுகுவர்த்திதான்.