ஆட்சேபம், பத்தி நான்கு

டெல்லி ஒரு எண் அனுப்பியிருக்கிறது.
முன்பிருந்ததை விடச் சின்ன எண்.
எட்டு மணி நேரச் சராசரி
அதைத் தாண்டக் கூடாதாம்.
சென்னைக்கு அதில் சம்மதமில்லை.
ஏன் சம்மதமில்லை என்று எழுதும் வேலை
மேசை மேசையாக உருண்டு
நாகர்கோவிலில் என் மேசையில் வந்து நின்றது.
"நம்ம மாவட்டத்துக்கு ஒரு பத்தி போதும், டெல்பின்.
காத்தப் பத்தி எழுதும்" என்றார் தாணுலிங்கம் சார்.

காற்றைப் பற்றி.

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
லாரித் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று.
முட்டத்தில் உப்போடு ஏறி
கருங்கல் சந்தையில் மீன் மணத்தோடு இறங்குகிற காற்று.
எதற்கும் பட்டா இல்லை.
எழுதினேன்:
"இம்மாவட்டத்தில் அளவிடப்படும் ஓசோனின் பெரும்பகுதி
வெளியிலிருந்து வருவது."
படிக்க நன்றாகத்தான் இருந்தது.
வெளி என்பது எவ்வளவு சௌகரியமான ஊர்!
வடசேரியில் நின்று கேட்டுப் பாருங்கள்,
அங்கே போக பஸ் கிடையாது.

"ரப்பர் மரங்களும் மூச்சு விடுகின்றன;
அவற்றுக்கு நோட்டீஸ் அனுப்ப இயலாது"
என்றும் எழுதினேன்.
சார் சிரித்தார்.
இரண்டாவது பாதியை அடித்தார்.

மதியம் மாடியேறி வடிகட்டி மாற்றினேன்.
தகரக் கொட்டகைக்குள் கருவி முனகிக்கொண்டிருந்தது.
இந்த வாயுவுக்குப் புகைக்கூண்டு இல்லை.
யாரும் இதை விடுவதில்லை.
காலையில் கல் ஏற்றிப் போன லாரிகள்
இந்நேரம் களியக்காவிளை தாண்டியிருக்கும்;
அவை விட்டுப்போனது
இரண்டு மணி வெயிலில்தான் வேகும்.
சமைத்தது யார் என்று கேட்டால் சூரியன்.
சூரியன் எந்த மாநிலம்?

மேலிருந்து பார்த்தால் மலை தெரியும்.
போன வருடம் தெரிந்த அளவுக்கு இல்லை.
ஒரு பக்கம் பலாச்சுளை உரித்த மாதிரி
வெட்டி எடுத்திருக்கிறார்கள்.
அங்கிருந்து காற்று வருகிறது என்று புகார் சொல்கிறோம்.
இங்கிருந்து மலை போகிறது.
இதைப் பத்தி ஐந்தில் எழுதலாம்.
பத்தி ஐந்து கேட்கப்படவில்லை.

சாயங்காலம் பார்வதிபுரத்தில், பாலம் இறங்குமிடத்தில்
ஏட்டு சோபனராஜ் ஸ்கூட்டியை மறித்தார்.
"என்ன சொல்லுது ஒங்க மெஷினு?"
ரெண்டு மணிக்கு ஏறினதைச் சொன்னேன்.
எட்டு மணி நேரத்துக்குப் பரத்தினால்
ஒழுங்காகிவிடும் என்றும் சொன்னேன்.
அவர் தொப்பியைக் கழற்றி நெற்றி துடைத்தார்.
"எனக்கு டூட்டி பன்னெண்டுல இருந்து நாலு.
நெஞ்சுக்குள்ள மணலு அரைக்கது போல இருக்கு.
சராசரிக்கு எங்க பிள்ளே டூட்டி?"
பின்னால் ஒரு டாரஸ் ஹாரன் அடித்தது.
விசிலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

மறுநாள் "பெரும்பகுதி"யை
"ஒரு பகுதி" என்று மாற்றினேன்.
பச்சை மையில் அது மறுபடி பெரும்பகுதியானது.
சார் மேல் எனக்குக் கோபமில்லை.
அவருக்கும் மேலே ஒரு பச்சை மை இருக்கிறது.
அதற்கும் மேலே
இதே வாயுதான், அங்கே அது குடை;
உயரத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் மரியாதை.

கடிதம் போகிற அன்று
இணைப்பு என்ற இடத்தில்
சராசரி அட்டவணை ஒரு தாள் வைக்கச் சொல்லியிருந்தார்கள்.
வைத்தேன்.
அதன் கீழே மூன்று மாத மணிவாரி அளவுகளையும் வைத்தேன்,
அறுபத்திரண்டு பக்கம்.
கேட்கவுமில்லை யாரும், வேண்டாமென்றும் சொல்லவில்லை.
டேக் நூல் போதாமல் இரண்டாய் முடிந்தேன்.

இணைப்பை யார் படிக்கப் போகிறார்கள்.
ஆனாலும் அதில் எல்லா நாளிலும்
மதியம் இரண்டு மணி இருக்கிறது,
நின்றபடி.