எந்தப் பத்தியில் எழுதுவது

மூன்றாம் தீயணைப்புப் படையின் கணக்குப் புத்தகம்
என் கைக்கு வந்து பதினொரு வருடம்.
முன்பிருந்த பொருளாளர் கொடுத்தபோது
அட்டையில் புகை வாசனை,
உள்ளே காய்ந்துபோன ஒரு சீஸ் துண்டு.

சிலோயே தீவின் இந்தக் கோடியில்
எங்களுக்குச் சம்பளம் இல்லை என்றால்
வெளியூர்க்காரர்கள் தலையாட்டுகிறார்கள்.
மாதச் சந்தா கட்டித்தான் தீயணைக்கப் போகிறோம் என்றால்
காதில் சரியாக விழாததுபோல்
இன்னொரு முறை கேட்கிறார்கள்.
ஆமாம், கட்டித்தான்.
மூன்று மாதம் பாக்கி வைத்தால்
ஹெல்மெட்டைத் திருப்பிக் கேட்பேன்.

பேக்கரி எலியேசர் மாவுக் கையோடு ஓடி வருவான்;
வண்டியின் கைப்பிடியில் எப்போதும் ஐந்து வெள்ளை விரல்.
பல் மருத்துவமனை நோல்ஃபா
ஒருமுறை ஒருவரை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள்.
திரும்பிப் போனபோது அவர் அங்கேயே இருந்தார்,
வாயை மட்டும் மூடிக்கொண்டு.
ரொசமெல் ஏன் சேர்ந்தான் என்று ஊருக்கே தெரியும்:
சீருடை, அணிவகுப்பு, மருந்துக்கடைப் பெண்.
அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள்.
இவன் இன்னும் வருகிறான்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
அவனுக்கே தெரியுமோ என்னவோ.

நான் ஏன் சேர்ந்தேன்?
வீட்டில் அப்போது சத்தமே இல்லை.
இங்கே சைரன் இருந்தது.

பெயர் கொடுத்துவிட்டு
முதல் பயிற்சியிலேயே முட்டி வலி என்று போனவர்கள்
இந்தப் புத்தகத்தில் நாற்பத்தியிரண்டு பேர்.
தெருவில் பார்த்தால் அவர்களே
நொண்டிக் காட்டுகிறார்கள், பாவம்.

ஆண்டுக்கொரு தரம் உண்டியலோடு வீடு வீடாய்ப் போவோம்.
அப்தோன் பர்ரியெந்தோஸ் கதவைத் திறப்பார்,
உண்டியல் நுழையாத அளவுக்கு.
"என் வீடு எரிந்தால் நானே அணைத்துக்கொள்வேன்."
பத்து வருடமும் அதே வாக்கியம்,
ஒரு சொல் கூடாது, குறையாது.
அவர் தெரு குறுகல். அதனால் அவருடைய விறகு லாரி
எங்கள் நிலைய வாசலில் பாதியை அடைத்து நிற்கும்.
சாலை பொது என்பார்.

ஆகஸ்டில் அவர் வீடு எரிந்தது.
மழை கொட்டியது, ஆனாலும் எரிந்தது;
பலகை வீடு, பழைய அடுப்புக்குழாய், மேல்காற்று.
அவருடைய லாரியைச் சுற்றி எங்கள் வண்டியை
முன்னும் பின்னுமாய் வளைத்து எடுக்க
நான்கு நிமிடம் போனது.
எலியேசர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான்.
சொல்லிக்கொண்டே குழாயை விரித்தான்.
சமையலறை போயிற்று. மிச்சம் நின்றது.

விடிந்ததும் நிலையத்துக்கு வந்தார்.
நன்றி சொல்லத்தான் என்று நோல்ஃபா கெட்டிலை வைத்தாள்.
அவர் கேட்டது இது:
கீழறையில் பதினெட்டு மூட்டை உருளைக்கிழங்கு,
அத்தனையும் நனைந்துவிட்டது, யார் பொறுப்பு?
ரொசமெலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்,
எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல்
திரும்ப வைத்தேன்.

அடுத்த உண்டியலுக்கும் அதே கதவு, அதே இடுக்கு.
வாக்கியம் மட்டும் மாறியிருந்தது:
"இன்று சில்லறை இல்லை."

நேற்றிரவு இரண்டரைக்குச் சைரன்.
துறைமுகத்துப் பக்கம் மீன்கிடங்கு.
வண்டியைக் கிளப்பினால்
வாசல் முழுசாய்த் திறந்து கிடக்கிறது.
எலியேசர் பழக்கத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டு
மறுபடி நேராக்கினான்.
தெருமுனையில் வேலியோரம் விறகு லாரி.
உள்ளே, பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிய ஒரு ஆள்
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.
எங்களைப் பார்க்கவில்லை.
வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மணி ஐந்து. பூட்ஸ்கள் அடுப்படியில் காய்கின்றன.
பெயர், தேதி, தொகை என்று
மூன்று பத்திதான் அச்சடித்திருக்கிறார்கள்.
பெயரை எழுதிவிட்டேன். தேதியும்.
தொகைக்கு நேரே "நான்கு நிமிடம்" என்று எழுதி,
அடித்து,
மறுபடி எழுதுகிறேன்.
ரொசமெல் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து,
"உருளைக்கிழங்கைக் கழித்துக்கொள்" என்கிறான்.